14 வயதுப் பிரிவு ரக்பி: வயது மட்டும் பார்த்தால் காணுமா?

உப்புவெளி அம்மா:
மகனுக்கு இப்பத்தான் 12 முடிஞ்சுது. பாடசாலையில புதுசா ரக்பி தொடங்கி, ஆள் காணாதெண்டு 7ஆம் தரப் பிள்ளைகளையும் 14 வயதுப் பிரிவுக்குள்ள எடுத்திருக்காங்க. போன சனிக்கிழமை பயிற்சி பார்க்கப் போனன். இவனை டக்கிள் பண்ண (கட்டிப் பிடிச்சு விழுத்த) ஓடி வந்த பொடியனுக்கு மீசை அரும்பி, குரலும் உடைஞ்சிட்டுது. கேட்டால் ரெண்டு பேரும் ஒரே பிரிவாம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் சரியாம். பத்திரம் சரி, உடம்பு? 16 வயது வரைக்கும் கையால தொட்டு விளையாடுற டச் ரக்பியோட நிண்டால் என்ன குறைஞ்சு போகும்?

முன்னாள் ஹூக்கர்:
அக்கா, 16 வயதில முதல்முதல் டக்கிள் பழகுறதுதான் பெரிய ஆபத்து. அப்ப பாரமும் வேகமும் வந்திரும், பழக்கம் மட்டும் இருக்காது. தலையை எந்தப் பக்கம் வைக்கிறது, தோளை எங்க குடுக்கிறது எண்டதெல்லாம் சின்னனிலயே உடம்பில ஏறோணும். இங்கிலாந்தில 7, 8 வயதுப் பிரிவுகளுக்கு இடுப்பில தொங்குற ரிப்பனைப் பறிக்கிற டேக் ரக்பி, 9 வயதுப் பிரிவில டக்கிள் தொடங்கிரும். ஸ்க்ரம்முக்கும் (ரெண்டு அணியும் குனிஞ்சு தோளோட தோள் முட்டித் தள்ளுறது) 19 வயதுக்குக் கீழ வேற விதி: ஒன்றரை மீற்றருக்கு மேல தள்ளக் கூடாது. நீங்க டிவியில பெரியாக்களின்ட மெட்சைப் பார்த்துப் பயப்படுறீங்க.

உப்புவெளி அம்மா:
டிவி பார்க்க எனக்கு எங்க தம்பி நேரம்? நான் மைதானத்தில பார்த்ததைத்தான் எழுதினன். நீங்க சொல்லுற இங்கிலாந்தையும் சேர்த்துத்தான், பாடசாலை ரக்பியில டக்கிளை நிப்பாட்டச் சொல்லி 2016இல எழுபதுக்கு மேற்பட்ட டொக்டர்மாரும் ஆய்வாளர்களும் அரசாங்கங்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினாங்க. அதை விட்டிட்டீங்களே.

முன்னாள் ஹூக்கர்:
அதே வருசம் பிரித்தானியாவின்ட தலைமை மருத்துவ அதிகாரிகள் அந்தக் கோரிக்கையை ஏற்கேல்ல. அதையும் வாசியுங்க.

கிண்ணியா மாஸ்டர்:
ரெண்டு பேரும் இங்கிலாந்தில நிண்டு சண்டை பிடிக்கிறீங்க, கொஞ்சம் திருகோணமலைக்கு வாங்க. ஆடி ஆவணியில கச்சான் காத்து அடிச்சு நிலம் கொங்கிரீட் மாதிரிக் கிடக்கும். பின்னேரம் மூண்டரைக்கு அதில விழுந்த பிள்ளையின்ட முழங்கையில தோல் இருக்காது. கண்டியில ஈரப் புல்லில விழுந்து பழகுறவனுக்குச் சொல்லுற பாடத்தை அப்படியே இங்க சொல்ல ஏலாது. ஆள்பலமும் அப்படித்தான். 1945இல இருந்து பிரட்பி ரக்பிக் கேடயத்துக்கு மோதுற கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் வயதுக்கு வயது அணி இறக்கும். நாங்க 15 பேரைத் தேடுறதுக்குள்ள வருசம் முடிஞ்சிரும். இந்த ஊரில பந்து எண்டால் கால்பந்துதான் (நானும் அதைத்தான் பழக்குறன்).

ஆனா அக்கா சொன்ன உடம்புக் கதையில நியாயம் இருக்கு. ஒரு பிரிவில அடுத்தடுத்த ரெண்டு வருசத்தில பிறந்த பிள்ளைகள் சேர்ந்தால் ஜனவரியில பிறந்தவனுக்கும் அடுத்த வருசம் டிசம்பரில பிறந்தவனுக்கும் கிட்டத்தட்ட ரெண்டு வருச இடைவெளி. அதுக்கு மேல, ஒருத்தன் 12இல வளருவான், இன்னொருத்தன் 15இல. நியூசிலாந்தில, ஒக்லாந்தில, வயதோட நிறையும் பார்த்துப் பிரிக்கிறாங்க.

முன்னாள் ஹூக்கர்:
மாஸ்டர், தராசு மட்டும் வச்சால் அதுவும் பிழைக்கும். 11 வயதில கொழுகொழுவெண்டு இருக்கிற பிள்ளையைத் தூக்கி 14 வயதுக்காரரோட விட்டால் அவனுக்கு நிறை இருக்கும், பலம் இருக்காது, விளையாட்டும் விளங்காது. அப்படிப் பிள்ளைகள் ரெண்டு மெட்சோட பயந்து போய் விட்டிருவாங்க.

பாலையூற்று நேர்ஸ்:
நிறையும் வயதும் பேசி முடிக்கிறதுக்கிடையில தலையைப் பற்றி ஒரு ஆளும் வாய் திறக்கேல்லையே. 2011இல வட அயர்லாந்தில பென் ராபின்சன் எண்ட 14 வயது மாணவன் பாடசாலை மெட்ச் ஒண்டில தலையில அடிபட்ட பிறகும் விளையாட விடப்பட்டான். திரும்பவும் அடிபட்டு விழுந்து, செத்துப் போனான். முதல் அடி ஆறுறதுக்குள்ள ரெண்டாவது அடி விழுந்தால் பிள்ளைகளின்ட மூளை வீங்கிரும். அதுதான் நடந்தது.

இங்க நடக்கிறது என்ன? பிள்ளை தலையைப் பிடிச்சுக்கொண்டு இருப்பான். ஒருத்தர் போத்தல் தண்ணியை உச்சியில ஊத்துவார், "ஓகேயா?" எண்டு கேட்பார், அவன் "ஓகே சேர்" எண்டுவான். வேற என்ன சொல்லுவான், கூட்டாளிமார் பார்த்துக்கொண்டு நிக்கேக்க? மயங்கி விழோணும் எண்டில்ல. தலையிடி, தலைச்சுத்து, ஸ்கோர் எத்தனை எண்டு தெரியாம முழிக்கிறது, இதில ஒண்டு இருந்தாலும் அண்டைக்கு அவனுக்கு மெட்ச் முடிஞ்சுது. சத்தி எடுத்தால் நேர பெரியாஸ்பத்திரி. இங்கிலாந்தில கழக, பாடசாலை மட்டத்தில குறைஞ்சது 21 நாளைக்கு மெட்சில இறக்க மாட்டாங்க. மவுத் கார்ட் பல்லைக் காப்பாத்தும், தலைக்கவசம் தோல் கிழியாமக் காப்பாத்தும். உள்ள மூளை குலுங்குறதை ரெண்டும் தடுக்காது.

முன்னாள் ஹூக்கர்:
நேர்ஸ் அக்கா சொன்னதில ஒரு சொல்லுக்கும் மறுப்பில்ல. ஆனா அது டக்கிளை நிப்பாட்டுறதுக்கு நியாயமில்ல, அடிபட்டவனை வெளியில எடுக்கிறதுக்குத்தான் நியாயம்.

கிண்ணியா மாஸ்டர்:
எடுக்கிறது ஆர், தம்பி? கோச்சுக்கு வெல்லோணும். மத்தியஸ்தர் பந்தைப் பார்ப்பார். அணியோட சம்பந்தமில்லாத ஒரு ஆள் கோட்டுக்கு வெளியில நிண்டு, "இவன் வெளியில" எண்டால் பேச்சில்லாம எடுக்கோணும். அந்த ஆள் இல்லாட்டி மெட்ச் இல்ல எண்டு முதலில எழுதிப் போடுங்க. நிலம் காய்ஞ்ச மாதங்களில டச் மட்டும், மாரி மழைக்குப் பிறகு டக்கிள். இதுக்கு ஒரு சதமும் செலவில்ல.

உப்புவெளி அம்மா:
சம்மதக் கடிதத்தில என்ன அடிச்சிருக்காங்க தெரியுமா மாஸ்டர்? "ஏற்படும் விபத்துகளுக்குப் பாடசாலை பொறுப்பேற்காது." அந்த ஒரு வரிதான். நான் அதை வெட்டிட்டு, தலையில அடிபட்டால் உடன எனக்குக் கோல் எடுக்கோணும், அண்டைக்குத் திரும்ப இறக்கக் கூடாது, இந்த வருசம் டச் மட்டும் எண்டு எழுதிக் கையெழுத்து வச்சுக் குடுக்கப் போறன்.

முன்னாள் ஹூக்கர்:
முதல் ரெண்டும் சரி அக்கா. மூண்டாவதுதான் பிழை. அடுத்த வருசம் எல்லாரும் டக்கிள் பழகி நிக்க, ஒண்டும் தெரியாம நடுவில நிக்கப் போறது உங்கட மகன்.

உப்புவெளி அம்மா:
அடுத்த வருசம் அவனுக்கு 13. அப்ப வந்து திரும்பச் சண்டை பிடிப்பம், தம்பி.