பைண்டிங் அசே: ‘பிணைப்பு’ வேண்டாம், ‘பற்று’ என்போம்

நண்பர்களே, ஹார்மோனோ மருந்தோ செல்லின் ஏற்பியில் (அவற்றை ஏற்கும் புரதம்) எவ்வளவு ஒட்டுகிறது என்று அளக்கும் சோதனையான ‘ரிசப்டர் பைண்டிங் அசே’க்கு ‘ஏற்பி பிணைப்பு மதிப்பீடு’ என்ற முன்மொழிவைப் படித்தேன். ‘ஏற்பி’ சரி, நிலைத்துவிட்ட சொல். ‘பிணைப்பு’தான் உறுத்துகிறது.

பிணைப்பு என்றதும் மாணவருக்குச் சகப்பிணைப்பும் அயனிப் பிணைப்பும்தான் நினைவுக்கு வரும். ஏற்பியில் நடப்பது பெரும்பாலும் அது இல்லை. மூலக்கூறு வந்து பற்றுகிறது, சற்று இருக்கிறது, விட்டுவிடுகிறது, மறுபடி பற்றுகிறது. பற்றுவதும் விடுவதும் சமநிலைக்கு வந்தபின்தான் அளவே எடுக்கிறோம். அப்படி அளக்கும் பிரிகை மாறிலி என்பது ஏற்பிகளில் பாதி நிரம்பியிருக்கும்போது கரைசலில் மிச்சமிருக்கும் பொருளின் செறிவு.

செய்முறையிலும் இந்த ‘விடுதல்’ தான் பெரிய தொல்லை. கதிரியக்கக் குறியிட்ட பொருளைச் செல் சவ்வுகளோடு கலந்து வைத்து, கண்ணாடியிழை வடிதாளில் வடித்து, பனிக்குளிர்ச்சியான தாங்கல் கரைசலால் மளமளவென்று கழுவுகிறார்கள், ஏனென்றால் குளிரில் கழல்வது மெதுவாகும். நாட்டம் (ஏற்பியைப் பற்றும் வலு) குறைந்த பொருளாக இருந்தால் கழுவுகிற நேரத்துக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடும். பிணைப்பு என்று எழுதிவிட்டு இந்த அவசரத்தை எப்படி விளக்குவது?

உண்மையாகவே பிணைகிற மருந்துகளும் உண்டு. பினாக்சிபென்சமின் ஆல்ஃபா அட்ரீனலின் ஏற்பியோடு சகப்பிணைப்பே உண்டாக்குகிறது, கழுவினால் போகாது. எல்லாவற்றையும் பிணைப்பு என்றால் இதைத் தனித்துச் சொல்ல நம்மிடம் சொல் இருக்காது.

ஆகவே பைண்டிங் = பற்று. பக்தியும் கணக்குப் புத்தகமும் நினைவுக்கு வருமே என்பார்கள். தாவரவியலில் ‘பற்றுவேர்’ படிக்கும் யாரும் குழம்பியதில்லை.

ஏற்பியில் வந்து பற்றும் மூலக்கூறான லிகண்டுக்கு ‘ஈனி’ வேண்டாம். அணைவுச் சேர்மங்களில் அது எலக்ட்ரான் இணையை ஈவதால் அந்தப் பெயர். ஏற்பியைத் தேடி வரும் ஹார்மோன் அப்படி எதையும் ஈய வேண்டியதில்லை. ‘பற்றி’ என்றால் வாக்கியத்தில் படாதபாடு படும் (‘பற்றியைப் பற்றி’). ‘பற்றுபொருள்’ என்கிறேன். வினைத்தொகை, எனவே நடுவில் ப் போட வேண்டாம்.

அப்புறம் ஸ்பெசிஃபிக் (ஏற்பியில் பற்றுவது), நான்-ஸ்பெசிஃபிக் (மற்ற இடங்களில் ஒட்டுவது). இதற்குத் ‘தனிப்பற்று’, ‘பொதுப்பற்று’. குறியிடாத பொருளை மிகுதியாகச் சேர்த்து ஏற்பிகளை அதனாலேயே நிரப்பிய பிறகும் வடிதாளில் எஞ்சும் கதிர்வீச்சு பொதுப்பற்று. மொத்தத்தில் அதைக் கழித்தால் தனிப்பற்று. 1973-ல் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) குறியிட்ட நலாக்சோனை, அதாவது ஓபியேட்டைத் தடுக்கும் மருந்தை, கொண்டு எலி மூளையில் ஓபியேட் (அபின் வகை மருந்து) ஏற்பியைக் காட்டியபோது வாதமே இந்தக் கழித்தலில்தான் நின்றது: லெவார்ஃபனால் என்ற ஓபியேட் நலாக்சோனை விரட்டியது, அதன் ஆடிப் பிம்பமான டெக்ஸ்ட்ரார்ஃபன் அந்த அளவுக்கு விரட்டவில்லை. இந்த விரட்டும் சோதனைக்குப் ‘போட்டிப் பற்று’ பொருந்தும்.

அசேக்கு ‘மதிப்பீடு’ என்றால் தேர்வுத்தாள் வாடை வருகிறது. ‘ஏற்பிப் பற்றளவை’ என்று சேர்த்தே சொல்லலாம். ஏற்பியைத் தங்கப் படலத்தின் மேல் பதித்து, குறியீடே இல்லாமல், பற்றுபொருள் வருவதையும் போவதையும் நேரடி வளைகோடாகப் பார்க்கும் பரப்புப் பிளாஸ்மான் ஒத்ததிர்வு முறைக்கும் இது செல்லும்; அங்கே ‘பற்றுவீதம்’, ‘விடுவீதம்’ என இரண்டு சொற்கள் தாமாகவே கிடைக்கின்றன.

‘பற்றுபொருள்’ கொஞ்சம் நீளம்தான், கதிரியக்கத்தோடு சேர்த்தால் இன்னும் நீளும். ஈனியைத் தவிர்த்துக் குறுகிய சொல் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம். பிணைப்பை மட்டும் விட்டுவிடுவோம்.