மறு: ‘அழுத்தக் கரைசல்’ வேண்டாம், வேறு சொல்

வணக்கம் ஐயா,

நிலவியல் கலைச்சொல் பட்டியலில் மற்ற சொற்கள் எல்லாம் எனக்குச் சம்மதம், pressure solution என்பதற்கு வைத்திருக்கும் ‘அழுத்தக் கரைசல்’ மட்டும் உறுத்துகிறது. கரைசல் என்றதும் பிள்ளைகளுக்குக் குடுவையில் இருக்கும் திரவம்தான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது ஒரு செயல், அதிலும் பாதியைத்தான் அந்தச் சொல் சொல்கிறது.

ஒரு புவித்தட்டு இன்னொன்றுக்கு அடியில் போகும் கீழமிழ்வு மண்டலத்தில், அந்தத் தட்டோடு இறங்கும் மணற்கல்லில் இரண்டு குவார்ட்ஸ் மணிகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் தகைவு (ஒரு பரப்பின் மேல் விழும் நெருக்கு விசை) அதிகம். அங்கே சிலிக்கா இடுக்கில் இருக்கும் நீரில் கரைந்து, நெருக்கம் குறைந்த பக்கமாகப் போய் மறுபடி குவார்ட்ஸாகவே படிகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் மணியின் ஒரு பக்கம் சீவிவிட்ட மாதிரி தட்டையாக இருக்கும், அதை ஒட்டிக் கரையாமல் மிஞ்சிய மைக்கா கறுப்புக் கோடாக ஓடும், முனைகளில் புதுக் குவார்ட்ஸ் வாலாக நீண்டிருக்கும். ஜப்பானின் ஷிமாண்டோ பாறைப்பட்டையில் இது நன்றாகத் தெரியும். பாறை நொறுங்காமலே உருவம் மாறுவது இப்படித்தான், அதனால் படிதலை விட்டுவிட்டுப் பெயர் வைக்க முடியாது.

என் பரிந்துரை ‘கரைந்துபடி ஊர்வு’. ஊர்வு என்றால் creep, பாறை உடையாமல் மெல்ல மெல்ல உருவம் மாறுவது. ‘கரைபடி’ என்று சுருக்கலாம்தான், ஆனால் வகுப்பில் சொல்லும்போது ‘கறைபடி’ என்று காதில் விழும். படிதலை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, சேலத்தில் போர் தண்ணீர் காய்ச்சும் எந்த வீட்டிலும் பாத்திரத்தில் உப்பு படிகிறது என்றுதான் சொல்கிறோம்.

‘ஊர்வு’ என்பது இந்த வகை மாற்றங்களுக்கெல்லாம் பொதுச் சொல்லாக இருக்கட்டும். சுமார் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் குவார்ட்ஸ் படிகத்துக்குள்ளேயே அணு வரிசைப் பிழைகள் நகர ஆரம்பிக்கும், அதற்கு ‘பிறழ்வு ஊர்வு’ பொருந்தும். இரண்டையும் பிரித்துச் சொல்வது முக்கியம், ஏனென்றால் தகைவை இரட்டித்தால் கரைந்துபடி ஊர்வு இரண்டு மடங்குதான் வேகமாகும், பிறழ்வு ஊர்வோ 16 மடங்கு வரை போகும். அப்புறம், மணி பொடியாக இருந்தால் முன்னதன் கை ஓங்கும்.

சேலம் பக்கத்துக் கஞ்சமலைக் கல்லைப் படமாகப் போடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். நம்ம ஊர்க் கல் என்று ஆசைதான், காந்தக்கல்லும் குவார்ட்ஸும் பட்டை பட்டையாக அழகாகவும் இருக்கும். ஆனால் அது மிக அதிக வெப்பத்தில் உருமாறிய பாறை, மணிகள் மறுபடிகமாகிவிட்டதால் இந்தத் தடயம் அதில் தேறாது. வேறு படம் பார்ப்போம்.

‘அழுத்தக் கரைவு’ என்பதைக் கரையும் கட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். சரி என்றால் பட்டியலில் மாற்றிவிடுங்கள் ஐயா.