மூன்றாம் முறை அதே நிலை: ட்ராவை எப்போது கேட்க வேண்டும்?

அம்பைவாசி:
சென்ற ஞாயிறன்று பாளையங்கோட்டையில் நடந்த சதுரங்கப் போட்டியில், ஒரு சிப்பாய் குறைவாக இருந்த யானை முடிவாட்டத்தில் நான் கறுப்பு ஆடினேன். வெள்ளை ராஜா எஃப்3 கட்டத்தில் நிற்க, ஏ8-இலிருந்த யானையை ஏ3-க்கு இறக்கிச் செக் கொடுத்தேன். ராஜா எஃப்2-க்குப் போனார். ஏ2-இல் செக் கொடுத்ததும் எஃப்3-க்கே திரும்பினார். இப்படியே மூன்றாம் முறையாக ஏ3-இல் யானையை வைத்து, கடிகாரத்தையும் அழுத்திய பிறகு ட்ரா கேட்டேன். நடுவர் மறுத்துவிட்டார். எதிராளி வெகுநேரம் பலகையைப் பார்த்திருந்துவிட்டு ராஜாவை ஜி4-க்கு ஏற்றினார். எஃப்4-இலிருந்த அவருடைய சிப்பாய் நான்காம் வரிசையை மறைத்துவிட்டதால் செக் நின்றது, ஆட்டமும் போயிற்று. நடுவர் செய்தது சரிதானா?

தென்காசிக்காரர்:
தொடர்ந்து செக் கொடுத்தாலே ட்ரா என்றுதான் எங்கள் பக்கத்தில் ஆடி வருகிறோம். நடுவர் தவறிழைத்ததாகவே நினைக்கிறேன்.

பாளை முதியவர்:
அண்ணாச்சி, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் இன்றைய விதிகளில் தொடர் செக்குக்கென்று தனி விதி கிடையாது. ஒரே நிலை மூன்று முறை வருவதுதான் கணக்கு, அதுவும் அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. தம்பி, நடுவர் செய்தது சரியே. 9.2-ஆம் விதிப்படி, உங்கள் நகர்த்தலால் அந்த நிலை மூன்றாம் முறை வரப்போகிறது என்றால், நகர்த்தலை ஸ்கோர் ஷீட்டில் (ஆட்டத்தின் நகர்த்தல்களைக் குறித்து வரும் தாளில்) எழுதிவிட்டு, காயைத் தொடாமல், நடுவரிடம் சொல்ல வேண்டும். காயைத் தொட்டுவிட்டால் அந்த முறைக்கு உரிமை போய்விடும். கோரிக்கை தவறாக இருந்தால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும், எழுதிய நகர்த்தலையே ஆடவும் வேண்டும் என்பதால் எண்ணிப் பார்த்துக் கேளுங்கள். ஒரே நிலை ஐந்து முறை வந்தால் மட்டுமே, யாரும் கேட்காமல் ஆட்டம் ட்ராவாகும். எதிராளி எஃப்2-க்கே போயிருந்தால், அங்கும் மூன்றாம் முறை என்பதால், உங்கள் முறையில் காயைத் தொடாமலே கேட்டிருக்கலாம். அவர் ஜி4-ஐக் கண்டுபிடித்ததுதான் உங்களுக்கு வினையாயிற்று.

அம்பைவாசி:
நன்றி, ஐயா. ஆடிய பின்பே எழுத வேண்டும் என்று சிறுவயதிலிருந்து பழக்கிவிட்டதால், முன்கூட்டி எழுதுவது குற்றம் என்றே நினைத்திருந்தேன்.

பாளை முதியவர்:
பொதுவாக அது குற்றம்தான், தம்பி. ட்ரா கோருவதற்காக எழுதுவது அதற்கு விதிவிலக்கு; இதைச் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்புகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

அம்பைவாசி:
ஸ்கோர் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். 43, 45, 47 ஆகிய மூன்று நகர்த்தல்களிலும் யானை ஏ3 என்றே இருக்கிறது. 47-ஐ முதலில் எழுதியிருந்தால் அரைப் புள்ளி கிடைத்திருக்கும்.