மெல்பர்னில் சமையலறை புதுப்பிக்கிறோம்: கேஸ் அடுப்பா, இண்டக்‌ஷனா?

வணக்கம் அக்கா. டாண்டினாங் பக்கம் 1980களில் கட்டிய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். சமையலறையில் அலமாரிகளை மாற்றுகிறோம். மேடைக் கல் பழைய உரிமையாளர் சில வருடம் முன்பு போட்டது, நன்றாக இருப்பதால் அதை அப்படியே வைத்துக்கொள்கிறோம். அடுப்பு மட்டும் பழைய கேஸ், நாலு பர்னர். கடையில் இண்டக்‌ஷன் போடச் சொல்கிறார்கள். வீட்டில் தினமும் தோசை, சனி ஞாயிறு மீன் வறுவல். அம்மா ஊரிலிருந்து வரப்போகிறார், தீ இல்லாமல் எப்படிச் சமைப்பது என்று போனில் இப்போதே கேட்கிறார். எதைப் போடலாம்?

தம்பி, வீடு வாங்கியதற்கு வாழ்த்துகள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இண்டக்‌ஷன்தான் என் பதில். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் மேடைக்கு முன்னால் போய் நில்லுங்கள். எந்த அடுப்பு என்பதைப் பாதிக்கு மேல் வீடே தீர்மானித்துவிடும்.

முதலில் மேடையில் இருக்கும் ஓட்டை. 60 சென்டிமீட்டர் இண்டக்‌ஷன் அடுப்புகள் பெரும்பாலும் 560க்கு 490 மில்லிமீட்டர் ஓட்டையைக் கேட்கும். பழைய கேஸ் அடுப்புக்கு வெட்டிய ஓட்டை அதைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கலாம். வித்தியாசம் ஒரு விரற்கடைதான் என்றாலும் கல்லை வெட்டாமல் புது அடுப்பு உள்ளே இறங்காது. உங்கள் மேடை செயற்கைக் கல்லாக இருந்தால் இது சாதாரண வேலை இல்லை. அந்தக் கல்லை அறுக்கும்போது பறக்கும் சிலிகாத் தூளால் இங்கே எத்தனையோ கல் தொழிலாளர்களுக்கு சிலிக்கோசிஸ் என்ற தீராத நுரையீரல் நோய் வந்தது. அதனால்தான் 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவில் அந்தக் கல்லைப் புதிதாகப் பதிப்பதற்குத் தடை. ஏற்கெனவே பதித்த கல்லில் சிறு திருத்தம் செய்யலாம், ஆனால் தண்ணீர் விட்டு அறுத்து, தூளை உறிஞ்சி எடுத்து, விதிப்படி செய்கிற ஆள் வேண்டும். ஒரு கிரைண்டரோடு வந்து ஐந்து நிமிடத்தில் அறுத்துத் தருகிறேன் என்பவரைத் தயவுசெய்து உள்ளே விடாதீர்கள். அவர் உடம்புக்கும் கேடு, உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் கேடு.

ஆகவே இப்போதைய அடுப்பின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் கையேட்டில் ஓட்டை அளவைத் தேடுங்கள். கேஸ் குழாயோடு இணைந்திருப்பதை நீங்களே தூக்கிப் பார்க்க வேண்டாம். அந்த அளவுக்குள் உட்காரும் இண்டக்‌ஷன் கிடைத்தால் கல் தொழிலாளியே தேவையில்லை. ஓட்டை பெரிதாக இருந்தால் கவலை குறைவு, அகலமான கண்ணாடி உள்ள மாடல் அதை மூடிவிடும். அப்புறம் அடுப்புக்குக் கீழே இழுப்பறை வைக்கப் போகிறீர்கள் என்றால் அதை அலமாரிக்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். இண்டக்‌ஷனின் அடிப்பாகத்தில் காற்றாடி இருக்கிறது, அதற்கு மூச்சு விட இடம் வேண்டும்.

அடுத்தது மின்சாரம். நான்கு வட்டம் (பாத்திரம் வைத்துச் சூடேற்றும் இடம்) உள்ள 60 சென்டிமீட்டர் இண்டக்‌ஷன் மொத்தமாக 7.2 அல்லது 7.4 கிலோவாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 32 ஆம்பியர். கேஸ் அடுப்புக்கு இருப்பது பொறி பற்றவைக்க ஒரு சாதாரண பிளக் மட்டும்தான். எனவே ஸ்விட்ச்போர்டிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும். 1980களின் வீடு என்கிறீர்கள், ஸ்விட்ச்போர்டில் இன்னும் பழைய பீங்கான் ஃபியூஸ் இருந்தால் அதையும் மாற்றச் சொல்வார்கள், செலவு ஏறும். அடுப்பு வாங்குவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஸ்விட்ச்போர்டைக் காட்டி விலை கேளுங்கள். சில மாடல்களில் மொத்த மின்சாரத்தை 20 ஆம்பியர் போல ஒரு அளவுக்குக் கட்டுப்படுத்தி வைக்க வழி இருக்கிறது, பெரிய ஒயர் இழுக்க முடியாத வீட்டுக்கு அது கைகொடுக்கும். இந்த ஊரில் உரிமம் உள்ளவர்தான் மின்வேலை செய்ய வேண்டும், தெரிந்த பையன் வந்து மாட்டித் தருவது சட்டப்படி குற்றம். வேலை முடிந்ததும் மின்பாதுகாப்புச் சான்றிதழை வாங்கிக் கோப்பில் வையுங்கள். பழைய கேஸ் குழாயை மூடி அடைப்பதும் அப்படித்தான், உரிமம் உள்ள கேஸ் பிளம்பர்தான் செய்ய வேண்டும்.

இனி சமையலுக்கு வருவோம். கேஸில்தான் வேகம் என்று நாம் எல்லோரும் நினைத்து வளர்ந்திருக்கிறோம். இங்கே ஒரு நல்ல வோக் பர்னர் மணிக்கு 18 மெகாஜூல் என்று போட்டிருக்கும். அது 5 கிலோவாட். ஆனால் அதில் பாதிக்கு மேல் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி அறையைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. இண்டக்‌ஷனில் சூடு பாத்திரத்தின் அடியிலேயே பிறப்பதால் வீணாவது மிகக் குறைவு. 2.3 கிலோவாட் வட்டம் அந்த 5 கிலோவாட் பர்னருக்கு ஈடு கொடுக்கும், பூஸ்ட் (கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கூடுதல் சக்தி) போட்டால் முந்தும். தாளிக்கும்போது இதன் அருமை தெரியும். கடுகு வெடித்ததும் அடுப்பில் சூட்டின் எண்ணைக் குறைத்தால் அந்த நொடியே சூடு நிற்கிறது, வெந்தயம் கருகாது. ஆனால் மலிவான மாடல்களில் ஒரு குறை உண்டு. சிறுதீயில் வைத்தால் நிதானமாக எரியாமல், முழு வேகத்தில் ஓடி நின்று, மறுபடி ஓடி நிற்கும். பால் அசையாமல் கிடந்து திடீரென்று பொங்குவது அதனால்தான். கடையில் மின்சாரம் கொடுத்து வைத்திருக்கும் அடுப்பு இருந்தால் ஒரு சிறு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, குறைந்த எண்ணில் தொடர்ந்து சிறு குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

தினமும் தோசை என்றீர்களே, அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன். இரும்புத் தோசைக்கல் இண்டக்‌ஷனில் அருமையாக வேலை செய்யும், அடி தட்டையாக இருந்தால். கல்லைக் கவிழ்த்து ஒரு அளவுகோலை அதன் மேல் நிறுத்திப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் தெரிந்தாலும் கல் ஆடினாலும் அது சரிப்படாது. இரண்டாவது, கல்லின் அளவு. நம் கல் 30 சென்டிமீட்டர் இருக்கும், அடுப்பின் வட்டம் பெரும்பாலும் 21 சென்டிமீட்டர்தான். நடுவில் முறுகி, ஓரம் வெள்ளையாக நிற்கும். கண்ணாடி மேல் வரைந்திருக்கும் கோட்டை நம்பாமல், கையேட்டில் வட்டத்தின் அளவைப் பாருங்கள். 28 சென்டிமீட்டர் வட்டம் உள்ள மாடல்கள் இருக்கின்றன, நம் வீடுகளுக்கு அதுதான் தேவை. நான்கு வட்டமும் நடுத்தர அளவில் இருப்பதைவிட, ஒன்று 28 ஆக இருப்பது நல்லது. மூன்றாவது, கல்லை வைத்தவுடன் பூஸ்ட் போடாதீர்கள். வார்ப்பிரும்பு ஒரே இடத்தில் திடீரென்று சூடேறினால் வளையும், விரிசலும் விடலாம். நடு எண்ணில் ஏழெட்டு நிமிடம் காயவிட்டு, தண்ணீர் தெளித்தால் துளி ஓரத்திலும் அதே வேகத்தில் துள்ளுகிறதா என்று பார்த்து, அப்புறம் மாவை ஊற்றுங்கள். கல்லை இழுக்காமல் தூக்கி வைத்தால் கண்ணாடியில் கீறல் விழாது.

மற்ற பாத்திரங்களுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் போதும். அடியில் ஒட்டினால் ஓடும். ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் குக்கர், பழைய இட்லிப் பானை, மண்சட்டி, பித்தளை எதுவும் ஓடாது. எவர்சில்வரிலும் சில ஓடும், சில ஓடாது. குழிப்பணியாரக் கல் இரும்புதான் என்றாலும் அடி குழிகுழியாக இருப்பதால் சூடு சரியாகப் பரவாது. ஒரு குக்கரும் ஒரு தட்டையடி வாணலியும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும் என்று இப்போதே கணக்கில் சேருங்கள். அம்மா வரும்போது குக்கர் கொண்டுவருவதாக இருந்தால், இண்டக்‌ஷன் அடி உள்ளதாக வாங்கி வரச் சொல்லுங்கள்.

இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்பளம் சுடுவது, கத்தரிக்காயைத் தீயில் வாட்டித் தொக்கு செய்வது, புல்கா உப்பவிடுவது இதெல்லாம் போய்விடும். பின்கட்டில் பக்க பர்னர் உள்ள ஒரு பார்பிக்யூ வைத்துக்கொண்டால் இவ்வளவும் அங்கே நடக்கும், மீன் வறுவலையும் அங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அந்த வகை சிலிண்டர் அடுப்பை ஒருநாளும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. ஊரில் போலச் சமையலறைக்குள் சிலிண்டர் வைப்பதற்கும் இங்கே இடமில்லை.

அடுப்பைவிட நான் வற்புறுத்துவது ரேஞ்ச்ஹுட், அதாவது அடுப்புக்கு மேலே மாட்டிப் புகையை இழுக்கும் கருவி. புதிதாக வருகிறவர்கள் இதற்குத்தான் கடைசியில் மிச்சம் இருக்கும் காசைப் போடுகிறார்கள். பல வீடுகளில் இருப்பது புகையை வடிகட்டி மறுபடி முகத்திலேயே ஊதும் வகை. பழைய வீடுகளில் குழாய் கூரைக்கு மேலே போகாமல் கூரைக்கு உள்ளேயே முடிந்துவிடும், வருடக்கணக்கில் எண்ணெய் ஆவி அங்கே படிந்து கிடக்கும். உங்கள் வீட்டில் எது என்று ஆளை ஏற்றிப் பாருங்கள். புகை வெளிக்காற்றுக்குப் போக வேண்டும், ஹுட் அடுப்பின் அகலமாவது இருக்க வேண்டும், நம் வறுவலுக்கு மணிக்கு 900 கன மீட்டர் அளவில் இழுக்கும் சக்தி வேண்டும். சட்டைகளிலும் திரைச்சீலையிலும் தாளிப்பு வாசம் ஏறுவது பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், அதற்கும் இதுதான் வழி. இண்டக்‌ஷன் போட்டாலும் ஹுட் வேண்டும், ஏனென்றால் எண்ணெய்ப் புகை எந்த அடுப்பிலும் வரும்.

கேஸ் எரியும்போது அதோடு மூச்சுக்குழாயை உறுத்தும் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவும் வருகிறது, இண்டக்‌ஷனில் அது இல்லை. ஆஸ்திரேலியக் குழந்தைகளின் ஆஸ்துமாச் சுமையில் 12.3 சதவீதத்துக்குக் கேஸ் அடுப்பு காரணம் என்று 2018இல் மெடிக்கல் ஜர்னல் ஆஃப் ஆஸ்திரேலியாவில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அந்த வீடுகளிலெல்லாம் நல்ல ஹுட் இருந்தால் அது 3.4 சதவீதமாகக் குறையும் என்றும் சொன்னது. வீட்டில் இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

செலவைப் பொறுத்தவரை, சமையலுக்கு ஆகும் எரிபொருள் பெரிய தொகை இல்லை. கேஸ் பில்லில் வலிப்பது தினசரி இணைப்புக் கட்டணம், ஒரு கப் டீ போட்டாலும் போடாவிட்டாலும் அது ஓடும். வெந்நீரும் ஹீட்டரும் கேஸில் இருக்கும்வரை அந்தக் கட்டணம் போகாது. அவற்றையும் மாற்றும் திட்டம் இருந்தால்தான் உண்மையான மிச்சம். நம் விக்டோரியா மாநிலத்தில் 2024 ஜனவரி 1 முதல் திட்ட அனுமதி தேவைப்படும் புது வீடுகளுக்குக் கேஸ் இணைப்பே கிடையாது. உங்களைப் போல இருக்கும் வீட்டுக்காரர்கள் கேஸ் அடுப்பை வைத்துக்கொள்ளத் தடை இல்லை, அதனால் யாராவது பயமுறுத்தினால் அவசரப்பட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: கடையில் செராமிக் என்று ஒன்று, அதே கறுப்புக் கண்ணாடியோடு, விலை குறைவாக இருக்கும். எல்லாப் பாத்திரமும் ஓடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் சிவந்து சூடேறவும் நேரம், ஆறவும் நேரம், தோசைக்கும் தாளிப்புக்கும் அது ஒத்துவராது. பெட்டியில் இண்டக்‌ஷன் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அக்கா, மிக்க நன்றி. ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அம்மாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது. பரவாயில்லையா? தொடு பட்டனும் அவருக்குப் பழக்கமில்லை.

நல்லவேளை கேட்டீர்கள் தம்பி. பேஸ்மேக்கர் உள்ளவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் இண்டக்‌ஷனிலிருந்து 60 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கும்படி சொல்கிறார்கள். நின்று கிண்டிச் சமைப்பவருக்கு அது நடக்கிற காரியமில்லை. அம்மாவின் கருவி எந்த மாடல் என்ற அட்டையோடு அவருடைய இதய மருத்துவரிடம் ஊரிலேயே கேட்டு வரச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால், அம்மா இங்கே நீண்ட நாள் இருப்பதாகவும் இருந்தால், கேஸையே புதுப்பித்து, ஹுட்டுக்கு நல்ல காசு போடுங்கள். பர்னருக்கும் ஹுட்டுக்கும் இடையே குறைந்தது 600 மில்லிமீட்டர் உயரம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இண்டக்‌ஷன் சரி என்று வந்தால், திருகும் குமிழ் உள்ள மாடல்கள் சில இருக்கின்றன, கொஞ்சம் விலை கூட. ஈரக்கையிலும் வேலை செய்யும், பெரியவர்களுக்குக் கண்ணாடி போடாமலே பிடிபடும்.

அக்கா, நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான். டார்னிட்டில் இருக்கிறோம். இதில் எங்களுக்கு ஏதாவது வழி?

இருக்கிறது தங்கச்சி. வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் அடுப்பை மாற்ற முடியாது, ஆனால் சாதாரண பிளக்கில் ஓடும் ஒற்றை இண்டக்‌ஷன் நூறு டாலருக்குள்ளேயே கிடைக்கும். மேலே கேட்ட தம்பிக்கும் இதையே சொல்வேன், பெரிய அடுப்பை வாங்கும் முன் ஒரு மாதம் இதில் உங்கள் தோசைக்கல்லையும் குக்கரையும் வைத்துச் சமைத்துப் பாருங்கள். ஹுட்டுக்குக் கீழேயே வைத்துப் பயன்படுத்துங்கள், ஆனால் கேஸ் பர்னர் மேல் வைக்கக்கூடாது, பக்கத்து மேடையில் வையுங்கள். அதே இரட்டைப் பிளக்கில் கெட்டிலையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழலாம், அதனால் எக்ஸ்டென்ஷன் ஒயர் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் அது ஒன்றை மட்டும் மாட்டுங்கள்.