புதுப்பிப்பு: ராஸ்பெர்ரி பைக்கான பில்ட் ஒருவழியாக ஓடிவிட்டது

லினக்ஸ் லேப்டாப்பில் சிமேக் (பில்டை அமைத்துத் தரும் கருவி) வைத்து 64-பிட் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினிக்குக் கம்பைல் செய்தால், லிங்க் ஆகும்போது இசட்லிப் (தரவைச் சுருக்கும் லைப்ரரி) 'ராங் ஃபார்மட்' என்று அடம்பிடிக்கிறது எனப் போன வாரம் கேட்டிருந்தேன். தீர்ந்தது.

எந்தக் கருவிகளை வைத்துக் கம்பைல் செய்வது என்று சிமேக்குக்குச் சொல்லும் டூல்செயின் கோப்பில் கம்பைலர் பெயரை மட்டும் கொடுத்திருந்தேன். லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்லவே இல்லை. சிமேக் பாட்டுக்கு லேப்டாப்பின் எக்ஸ்86 பிராசசருக்கான இசட்லிப்பை எடுத்துக்கொண்டது. ராஸ்பெர்ரி பையிலிருந்து லிப், யூஎஸ்ஆர் அடைவுகளை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியில் லேப்டாப்புக்கு இழுத்து, அந்த நகலைச் சிஸ்ரூட்டாக (பையின் கோப்புகளைத் தேடவேண்டிய இடமாக) காட்டினேன். லைப்ரரி, ஹெட்டர் தேடலுக்கு 'ஒன்லி' (சிஸ்ரூட்டில் மட்டும் தேடு) என்றும், புரோகிராம் தேடலுக்கு 'நெவர்' (அங்கே தேடாதே) என்றும் கொடுத்தேன்.

அப்புறமும் அதே பிழை! சிமேக் முன்பு சேமித்து வைத்த கேஷ், பழைய லைப்ரரி பாதையையே பிடித்துக்கொண்டிருந்தது. அரை நாள் போச்சு. பில்ட் அடைவையே அழித்துவிட்டு மறுபடி கான்ஃபிகர் செய்தேன். கோப்பின் வகையைச் சொல்லும் ஃபைல் கட்டளை, பில்ட் ஆன புரோகிராமை இப்போது 'ஆர்ம் ஆர்ச்64' (64-பிட் ராஸ்பெர்ரி பையின் வகை) என்கிறது.

விண்டோஸ் பக்கம் இதை இன்னும் முயன்று பார்க்கவில்லை.