மொய் நோட்டு எக்ஸெலில்: கண்ணுக்குத் தெரியும் கோவிந்தன் ஃபைண்டுக்குத் தெரியவில்லை

திருமங்கலத்துக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். அக்கா கல்யாணத்து மொய் நோட்டு இரண்டையும் எக்ஸெலில் (2016) ஏற்றி வைத்திருக்கிறோம், 1,140 வரி. ஒவ்வொரு கட்டத்திலும் எல்லாம் ஒன்றாக இருக்கும்: "பேரையூர் - கோவிந்தன் 1,001". முதல் நோட்டை டைப்பிங் கடையில் கொடுத்தோம். அவர்கள் பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது நோட்டை நானே அடித்தேன்.

ஈ1 கட்டத்தில் பெயரை அடித்தால் அந்த வரி தெரிய வேண்டும் என்று பக்கத்து நெடுவரிசையில் இஸ்நம்பர்(ஃபைண்ட்($ஈ$1, ஏ2)) போட்டிருக்கிறேன். போன மாதம் பேரையூரிலிருந்து ஒரு காதுகுத்துப் பத்திரிகை வந்தது. கோவிந்தன் என்று தேடினேன், எல்லா வரியும் ஃபால்ஸ் (இல்லை). சரி, நமக்குச் செய்யாத வீடு என்று அம்மா 500 எழுதிவிட்டு வந்தார். அப்புறம் நோட்டைப் புரட்டினால் அவர்கள் நமக்கு 1,001 எழுதியிருக்கிறார்கள்! இரண்டு நாள் அம்மா என்னோடு பேசவில்லை.

அந்த வரியைத் திரையில் பார்க்கிறேன், கோவிந்தன் என்றுதான் இருக்கிறது. அந்தப் பெயரை மட்டும் வேறு கட்டத்துக்கு எடுத்து லென் (நீளத்தை எண்ணுவது) போட்டால் 10 வருகிறது. நான் அடித்த கோவிந்தனுக்கு 9. எங்கே இடிக்கிறது?

இன்னொன்று. ஊர், பெயர், தொகை மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும்.

(செயல்பாட்டுப் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன், எக்ஸெலில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.)

கட்டம்போடுபவன்:
ஒன்று கூடுதலாக இருந்தால் முதலில் இடைவெளியைத்தான் சந்தேகப்பட வேண்டும். ட்ரிம் (கூடுதல் இடைவெளியை நீக்குவது) போட்டுப் பாருங்கள். அதற்கும் போகவில்லை என்றால் இணையத்திலிருந்து ஒட்டும்போது வரும் 160-ஆம் எண் இடைவெளியாக இருக்கலாம். பார்க்க இடைவெளி மாதிரியே இருக்கும், ஆனால் ட்ரிம் அதைத் தொடாது. சப்ஸ்டிட்யூட்(ஏ2, யூனிகார்(160), " ") என்று மாற்றிவிட்டு, அதன்மேல் ட்ரிம்.

திருமங்கலத்துக்காரி:
இரண்டும் செய்துவிட்டேன் அண்ணா. இன்னும் 10தான்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்:
அம்மா, ஒரு சோதனை. அந்தப் பத்து வருகிற கோவிந்தனுக்கு லெஃப்ட்(…, 2), அதாவது இடப்பக்கத்து முதல் இரண்டை எடுப்பது, போட்டு என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

திருமங்கலத்துக்காரி:
"கே" என்று வருகிறது ஐயா! நான் அடித்ததில் "கோ" வருகிறது. பேய் மாதிரி இருக்கிறது.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்:
பேய் இல்லை, கொம்பும் காலும்தான். நாம் கோ என்பதை ஓர் எழுத்தாக எண்ணுகிறோம். எக்ஸெல் எண்ணுவது யூனிகோடு குறிகளை. நீங்கள் அடித்த கோ இரண்டு குறி: க, அதன் பின்னால் ஓகாரக் குறி (யூனிகோடு எண் 3019). கடைக்காரர் கொடுத்த கோ மூன்று குறி: க, இரட்டைக் கொம்பு (3015), கால் (3006). பழைய எழுத்துருக்களில் கொம்பையும் காலையும் தனித்தனியாகத்தான் அடிப்பார்கள். மாற்றுகிற மென்பொருள் அரைகுறையாக இருந்தால் இரண்டையும் சேர்க்காமல் விட்டுவிடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஃபைண்ட் உருவத்தைப் பார்க்காது, குறிகளின் எண்ணைத்தான் பார்க்கும்.

பி2-இல் இதைப் போடுங்கள்:

=சப்ஸ்டிட்யூட்(ஏ2, யூனிகார்(3015)&யூனிகார்(3006), யூனிகார்(3019))

ஒகரத்துக்கும் இதே கதைதான்: 3014, 3006 சேர்ந்தால் 3018. ஔகாரத்துக்கு 3014, 3031 சேர்ந்தால் 3020. மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, வெளியே ஒரு ட்ரிம் போட்டுவிடுங்கள். இனி எல்லாத் தேடலும் பி நெடுவரிசையில்தான். ஏ-யை அழிக்க வேண்டாம், மூலம் அப்படியே இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. சிலர் சௌந்தரம் என்பதை "செளந்தரம்" என்று ள போட்டு அடித்திருப்பார்கள். அதையும் மொத்தமாக மாற்றலாமே என்று கை பரபரக்கும். செய்யாதீர்கள். கெளுத்தி மீன் மாதிரி உண்மையிலேயே ள வருகிற சொல்லும் உண்டு, அதன் முகம் கோணிவிடும். அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

தேடும்போது இன்னொன்று: "ராம" என்று தேடினால் ராமு, ராம் எல்லாம் வரும். உகரக் குறியும் புள்ளியும் ம-வுக்குப் பின்னால் தனிக் குறியாக நிற்பதால், முன்பகுதி பொருந்திவிடுகிறது.

கட்டம்போடுபவன்:
வாத்தியார் ஐயாவுக்கு ஒரு கும்பிடு. எனக்கு இது தோன்றவே இல்லை.

பிரிக்கும் வேலையை நான் சொல்கிறேன். ஊர் சுலபம்: ட்ரிம்(லெஃப்ட்(பி2, ஃபைண்ட்("-", பி2)-1)). கோடு விட்டுப்போன வரிகளில் #வேல்யூ! என்று கத்தும். அது நல்லதுதான், எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். இஃப்எரர் (பிழையை மறைப்பது) போட்டு வாயை அடைத்துவிடாதீர்கள்.

தொகை கடைசிச் சொல். அதற்கு ஒரு பழைய வித்தை இருக்கிறது:

=ட்ரிம்(ரைட்(சப்ஸ்டிட்யூட்(பி2, " ", ரெப்ட்(" ", 50)), 50))

ஒவ்வொரு இடைவெளியையும் ஐம்பது இடைவெளியாக ஊதிவிட்டு, வலது ஓரத்தில் ஐம்பதை வெட்டுகிறோம். கடைசிச் சொல்லும் வெற்றிடமும்தான் அதில் மாட்டும், ட்ரிம் வெற்றிடத்தைக் கழித்துவிடும். வருவது எண் அல்ல, உரை. சம் (கூட்டல்) போட்டால் சுழியம்தான் கிடைக்கும். காற்புள்ளியைச் சப்ஸ்டிட்யூட்டால் எடுத்துவிட்டு வேல்யூவுக்குள் போடுங்கள். பெயர் என்பது நடுவில் மிஞ்சுவது: கோட்டுக்கு அடுத்த இடத்திலிருந்து மிட் (நடுப்பகுதியை எடுப்பது), நீளம் மொத்த லென்-இலிருந்து கோட்டின் இடத்தையும் தொகையின் லென்னையும் (காற்புள்ளி எடுப்பதற்கு முன்) கழித்தது. அதற்கும் வெளியே ஒரு ட்ரிம்.

திருமங்கலத்துக்காரி:
மூன்றும் வேலை செய்கிறது! நடுவில் நானே ஒரு கூத்தும் செய்தேன். அப்பா பாதி வரிகளில் உசிலை என்றும் மீதியில் உசிலம்பட்டி என்றும் எழுதியிருந்தார். ஒரே ஊராக இருக்கட்டும் என்று பி முழுக்கச் சப்ஸ்டிட்யூட் போட்டேன். சேடபட்டியில் உசிலைமுத்து என்று ஒருவர் இருக்கிறார், அவர் உசிலம்பட்டிமுத்து ஆகிவிட்டார்.

கட்டம்போடுபவன்:
சப்ஸ்டிட்யூட்டின் நான்காவது இடத்தில் 1 போட்டால் முதலில் வருவதை மட்டும் மாற்றும். ஆனால் இங்கே அது உதவாது, சேடபட்டி வரியில் முதல் உசிலையே அவர் பெயரில்தான் வருகிறது. முதலில் பிரியுங்கள், அப்புறம் ஊர் நெடுவரிசையில் மட்டும் மாற்றுங்கள்.

திருமங்கலத்துக்காரி:
அப்படியே செய்துவிட்டேன். பழைய நோட்டில் 37 பெயர்கள் இந்தக் கொம்பு கால் பிரச்சினையில் ஒளிந்திருந்தன. கோபால், மனோகரன், யோகம்மாள் என்று வரிசையாக வருகிறார்கள். பேரையூருக்கு மீதி 501-ஐ அடுத்த விசேஷத்தில் சேர்த்து எழுதிவிடலாம் என்று அம்மா சமாதானம் ஆகிவிட்டார். அப்பாவிடம் ஈ1-இல் கோவிந்தன் என்று அடித்துக் காட்டினேன். "நோட்டப் பாத்திருந்தா ரெண்டு நிமிஷம்" என்றார்.