குளோப்ஸ்டர்: ‘மர்ம உயிரினம்’ வேண்டாம், வேறு சொல் பார்ப்போம்

அன்புள்ள குழுவினருக்கு,

கடலியல் சொற்பட்டியலில், கரை ஒதுங்கும் இனம் தெரியாத சதைக் குவியலைக் குறிக்கும் ‘குளோப்ஸ்டர்’ எதிரே இன்னும் இடம் காலியாக இருக்கிறது. இதுவரை வந்தவை மர்ம உயிரினம், கடற்பூதம், ஊன்பொதி. நான் ‘ஊன்திரள்’ என்று முன்மொழிகிறேன். காரணம் சொல்ல ஆரம்பித்தால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1960இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில், கண், தலை, எலும்பு எதுவும் புலப்படாத ஒரு பெரிய சதைக் குவியல் கிடந்தது. அதை வைத்து எழுத்தாளர் ஐவன் சான்டர்சன் 1962இல் உண்டாக்கிய சொல்தான் குளோப்ஸ்டர். மர்ம விலங்குகள் மேல் அவருக்குத் தீராத ஆர்வம். அதனால் சொல்லுக்குப் பின்னால் ‘மான்ஸ்டர்’ வால் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த வாலை நாம் தமிழுக்கு இழுத்துவர வேண்டியதில்லை. ‘மர்ம உயிரினம்’ என்று எழுதினால் இரண்டு தீர்ப்பு சொன்னதாகிவிடும்: இது தனி உயிரினம், இதை யாருக்கும் தெரியாது. இரண்டும் கண்டுபிடிக்க வேண்டிய விஷயங்கள். பட்டியல் போடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவைப்பது சரியில்லை.

அவசரப்பட்டுப் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் புளோரிடா கதையே போதும். 1896 நவம்பர் கடைசியில், செயின்ட் அகஸ்டின் ஊருக்கு எதிரே உள்ள அனஸ்தேசியா தீவில், மணலில் புதைந்தபடி ஒரு பெரும் சதைப் பிண்டம் கிடந்ததை இரண்டு சிறுவர்கள் பார்த்தார்கள். உள்ளூர் மருத்துவர் டிவிட் வெப் அதைப் படம் எடுத்து, அறிஞர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். அதன் தோல் கோடரிக்கே இலேசில் மசியவில்லை என்று ஒரு கடிதத்தில் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் விலங்கியலாளர் வெரில், பொருளை நேரில் பார்க்காமலே அது ராட்சத ஆக்டோபஸ் என்று முடிவுகட்டி ‘ஆக்டோபஸ் ஜைகான்டியஸ்’ என்று அறிவியல் பெயரும் சூட்டிவிட்டார். சதைத் துண்டு கைக்கு வந்ததும், 1897இலேயே, இது திமிங்கலம்தான் என்று மாற்றி எழுதினார். மாற்றி எழுதியதை யார் படித்தார்கள்? பெயர் நிலைத்துவிட்டது. 1971இல் அந்தப் பழைய துண்டை மறுபடி ஆராய்ந்து, ஆக்டோபஸ்தான் என்று கட்டுரையே வெளிவந்தது. 1995இலும் 2004இலும் சிட்னி பியர்ஸ் குழுவினர் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பிறகுதான் அந்த ஆக்டோபஸ் ஓய்ந்தது.

2004 ஆய்வுக்குத் தூண்டுதல் சிலி நாட்டில் 2003இல் ஒதுங்கிய பிண்டம். 12 மீட்டர் நீளம், 13 டன் எடை என்றார்கள். அதன் மரபணு ஸ்பெர்ம் திமிங்கலத்தோடு பொருந்தியது. செயின்ட் அகஸ்டின், டாஸ்மேனியா, பெர்முடா மாதிரிகளை நாரின் அமைப்பை வைத்து ஒப்பிட்டதில் அவையும் திமிங்கலங்களே. ஆக, சான்டர்சன் எந்தப் பிண்டத்துக்காகச் சொல் உண்டாக்கினாரோ, அதுவே அந்தச் சொல்லுக்குத் தகுதி இழந்துவிட்டது!

திமிங்கலம் எப்படி இந்தக் கோலத்துக்கு வருகிறது? செத்து மிதக்கும்போது உடல் அழுகிக் கிழிகிறது. மண்டையோடும் முதுகெலும்பும் கனம் தாங்காமல் கழன்று அடியில் போய்விடுகின்றன. தோலடிக் கொழுப்புப் படலம் மட்டும் மிதக்கிறது. அதிலுள்ள எண்ணெயும் நாளடைவில் வடிந்துவிட, மிஞ்சுவது கொலாஜன் என்ற புரதத்தாலான நார்ப் பின்னல். வெளுத்து, கயிறு கயிறாகப் பிரிந்து, பார்க்கிறவருக்கு ரோமம் போலவே தெரியும். ‘உடம்பெல்லாம் வெள்ளை முடி’ என்று செய்தி வருவது இப்படித்தான்.

ஊன்பொதி அழகான சொல். புறநானூற்றில் ஊன்பொதி பசுங்குடையார் என்று ஒரு புலவரே இருக்கிறார். ஆனால் பொதி என்றால் உள்ளே ஏதோ கட்டிவைத்திருக்கிறது என்று பொருள். இங்கே உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது. திரள் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. வடிவத்தைப் பற்றியோ இனத்தைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது.

அன்புடன்,
செ.

*

மறுமொழி

செ. ஐயா, வணக்கம். நீங்கள் சொல்வதை வைத்தே கேட்கிறேன். மிஞ்சுவது கொழுப்புப் படலம் என்றால் ‘நிணத்திரள்’ இன்னும் துல்லியம் அல்லவா? ஊன் என்றால் கறி நினைவுதான் வருகிறது. அப்புறம், ஜப்பானியப் படகு ‘சுயியோ மாரு’ 1977இல் நியூசிலாந்து அருகே வலையில் தூக்கிய நீண்ட கழுத்துப் பிணம் இதில் சேருமா?

க.

*

மறுமொழி

க. தம்பிக்கு,

நிணத்திரளில் இரண்டு தொல்லை. நிணநீர் என்ற சொல் மருத்துவத்தில் வேரூன்றிவிட்டதால், படிக்கிறவர் கட்டி ஏதோ என்று நினைத்துக்கொள்வார். அதைவிட முக்கியம், நிணம் என்றாலே திமிங்கலக் கொழுப்பு என்று முடிவு சொன்ன மாதிரி. என் கட்சிக்குச் சாதகமான முடிவுதான், ஆனாலும் அதைச் சொல்ல வேண்டியது ஆய்வகம். ஊனுண்ணி என்று பள்ளிப் புத்தகத்திலேயே படிக்கிறோம், ஊன் யாருக்கும் அந்நியமாக இருக்காது.

சுயியோ மாரு இதில் சேராது. அது கரையில் ஒதுங்கியதே இல்லை, முதுகெலும்பும் இருந்தது. மாதிரிக்கு எடுத்த நாரின் அமினோ அமிலங்கள் சுறாவின் துடுப்பு நாரோடு ஒத்துப்போயின. பாஸ்கிங் சுறா என்ற பெரிய சுறா அழுகும்போது தாடையும் செவுள் வளைவுகளும் முதலில் விழுந்துவிடும். பின்பு மிச்சம் இருப்பது சின்ன மண்டையும் நீண்ட முதுகும்தான். அதைப் பார்த்தால் யாருக்கும் பழங்காலக் கடல் ஊர்வன என்றுதான் தோன்றும். 1808இல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் ஸ்ட்ரான்சே கரையில் கிடந்ததும் இதே வகை. இதற்குத் தனிச் சொல் வேண்டும், ‘போலி நெடுங்கழுத்தன்’ என்று தற்காலிகமாகக் குறித்துவைத்திருக்கிறேன்.

பட்டியலில் இப்படிப் போடலாமா?

ஊன்திரள்: கரை ஒதுங்கிய, உருவம் சிதைந்த, இனம் இன்னும் உறுதி செய்யப்படாத பெரிய கடல் விலங்கின் எச்சம். இனம் உறுதியானதும் இச்சொல்லைக் கைவிட்டு, அந்த விலங்கின் பெயராலேயே குறிக்க வேண்டும்.

‘பெரிய’ என்பதற்கு அளவு ஏதும் வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள். 2008இல் நியூயார்க் பக்கம் மோன்டாக் கரையில் கிடந்த ‘அரக்கன்’ கடைசியில் முடி உதிர்ந்து உப்பிய ரக்கூன் என்ற நிலவாழ் விலங்கு. அதுவும் கடல் விலங்குப் பட்டியலில் நுழைந்துவிடக் கூடாது.

செ.